கத்தி தீட்ட எதை வாங்குவது, வாங்கியதை எப்படிப் பயன்படுத்துவது

தங்கச்சி கேட்டது இதுதான்: வீட்டில் மூன்று கத்தி இருக்கிறது. காய்கறிக்குக் கிவி என்கிற மெல்லிய கத்தி ஒன்று, கோழி வெட்ட ஒரு கனமான வெட்டுக்கத்தி, மாமியார் கொடுத்த பழைய இரும்புக் கத்தி ஒன்று. மூன்றும் மழுங்கிப் போய்விட்டன. கடையில் மூன்று பள்ளம் வைத்த ஷார்ப்பனர், மின்சாரத்தில் ஓடும் ஷார்ப்பனர், சாதாரணத் தீட்டுக்கல் மூன்றையும் பார்த்தாராம். எதை வாங்கலாம் என்கிறார்.

கல்லை வாங்குங்கள். ஒரு பக்கம் 400, மறு பக்கம் 1000 கிரிட் (கல்லின் சொரசொரப்பைச் சொல்லும் எண்) உள்ள இரட்டைக் கல் ஒன்று போதும், மூன்று கத்தியையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் கல்யாணம், கோயில் அன்னதானம் என்று சமையல் எடுத்துச் செய்கிறவன், மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். வெங்காயமும் கோழியும் மூட்டை மூட்டையாக வெட்டுகிற இடத்தில் கத்தி மழுங்கினால் வேலையே நின்றுவிடும், அதனால் இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஏன் கல் என்பதையும், வாங்கிய பிறகு என்ன செய்வது என்பதையும் சொல்கிறேன். இரண்டாவதுதான் முக்கியம், ஏனென்றால் நல்ல கல்லை வாங்கிவிட்டு அதைத் தீட்டத் தெரியாமல் அலமாரியில் போட்டு வைத்திருக்கும் வீடுகள் நிறைய.

கத்தி மழுங்குவது இரண்டு விதமாக நடக்கும். பலகையில் திரும்பத் திரும்ப இடிபட்டு, வாயின் மெல்லிய விளிம்பு வேலிக் கம்பு சாய்கிற மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். இரும்பு அங்கேயேதான் இருக்கிறது, நேராக நிற்கவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று, விளிம்பே தேய்ந்து உருண்டை ஆகிவிடுவது. இறைச்சிக் கடைக்காரர் அவ்வப்போது கத்தியை உரசிக்கொள்கிற நீளமான இரும்புக் கம்பி இருக்கிறதே, அது முதல் வகைக்குத்தான் மருந்து. சாய்ந்த விளிம்பை நிமிர்த்திவிடும், புதுக் கூர் உண்டாக்காது. தேய்ந்து உருண்டு போன கத்தியை அந்தக் கம்பியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உரசினாலும் தக்காளித் தோல் வழுக்கிக்கொண்டுதான் இருக்கும். அதற்கு இரண்டு பக்கமும் இரும்பைக் கொஞ்சம் எடுத்துப் புது விளிம்பு கொண்டுவர வேண்டும். உங்கள் மூன்று கத்தியும் இப்போது இந்த நிலையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி பள்ளம் வைத்த ஷார்ப்பனர். முதல் பள்ளத்தில் பெரும்பாலும் இரண்டு கார்பைடு துண்டுகளை வி வடிவத்தில் வைத்திருப்பார்கள். கார்பைடு கத்தியைவிட மிகவும் கடினமானது, அது தீட்டுவதில்லை, கத்தியின் வாயைச் சுரண்டி எடுக்கிறது. நாலு இழுப்பு இழுத்தவுடன் கூர் வந்த மாதிரி தெரியும், ஆனால் அந்த விளிம்பு கரடுமுரடாக இருப்பதால் கொஞ்ச நாளில் போய்விடும், மறுபடி இழுப்பீர்கள், மறுபடி இரும்பு போகும். கோணமும் அது வைத்ததுதான், மெல்லிய கிவிக்கும் தடித்த வெட்டுக்கத்திக்கும் ஒரே சாய்வு. வெட்டுக்கத்தி சில சமயம் பள்ளத்துக்குள் சரியாக இறங்கவே இறங்காது. கடினமான ஜப்பானியக் கத்தியை அதில் இழுத்தால் விளிம்பு சில்லுச் சில்லாக உதிரும். மலிவான மெல்லிய கத்தி ஒன்றை அவசரத்துக்குத் தீட்ட அது பரவாயில்லை, அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

மின்சார ஷார்ப்பனர் அதைவிடத் தேவலாம், நல்ல வகைகளில் வைரத் துகள் பதித்த சக்கரம் இருக்கும், கோணம் மாறாது. மலிவான கத்திகள் நிறைய வைத்திருக்கும் சாப்பாட்டுக் கடைக்கு நேரம் மிச்சம். ஆனால் தேவைக்கு மேல் இரும்பைத் தின்னும், இழுக்கும் வேகம் சீராக இல்லாவிட்டால் கைப்பிடிக்குப் பக்கத்தில் வாய் குழிந்துவிடும், அப்புறம் அந்த இடம் பலகையைத் தொடாது, கீரைத் தண்டு அறுபடாமல் மாலை மாதிரி தொங்கும். மூன்று கத்தி உள்ள வீட்டுக்கு அவ்வளவு காசு போடத் தேவையில்லை.

இப்போது ஆன்லைனில் உருளை வகை ஒன்று பரவலாக விற்கிறது. காந்தம் வைத்த கட்டையில் கத்தியை ஒட்டி, வைரத் தகடு உள்ள உருளையைப் பக்கத்தில் உருட்டுவது. கட்டையில் 15 பாகை ஒரு பக்கம், 20 பாகை ஒரு பக்கம் இருக்கும். கை நடுங்குகிறவர்களுக்கு, கோணம் பிடிக்கப் பயமாக இருக்கிறது என்பவர்களுக்கு, இதை நான் தாராளமாகச் சொல்வேன். ஆனால் மொட்டையான கத்தியை மீட்க நேரம் எடுக்கும், கனமான வெட்டுக்கத்திக்கு வேண்டிய 25 பாகை அதில் வராது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெல்டிங் பட்டறையில் சுற்றும் சாணைச் சக்கரத்தில் கொடுத்து ஒரே நிமிடத்தில் வாங்கி வருகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. கத்தியைச் சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்கிய பிறகு பதம் போடும்போது பெரும்பாலும் 200 டிகிரி செல்சியஸ் அளவில்தான் சூடு காட்டியிருப்பார்கள். சக்கரத்தில் மெல்லிய விளிம்பு அதைத் தாண்டிச் சுடும், 300 டிகிரி வாக்கில் சாதாரண இரும்பில் நீல நிறம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அந்த இடம் இனிக் கூர் தாங்காது, அந்த அளவுக்கு இரும்பைத் தேய்த்து எடுக்கும் வரை. பதமறிந்து தண்ணீரில் நனைத்து நனைத்துப் பிடிக்கிற ஆள் கிடைத்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

சரி, கல்லுக்கு வருவோம். கிரிட் எண் சிறியதாக இருந்தால் கல் சொரசொரப்பு, பெரியதாக இருந்தால் மெது. 200 முதல் 400 வரை மொட்டையான, சில்லு விட்ட கத்திக்கு. 800 முதல் 1000 வரை வழக்கமான தீட்டலுக்கு. 3000, 6000 மெருகுக்கு. 1000, 6000 சேர்ந்த இரட்டைக் கல்தான் அதிகம் கண்ணில் படும், ஆனால் உங்களுக்கு 400, 1000தான் சரி. கிவி மாதிரி மிருதுவான இரும்பில் 6000 மெருகு அதிக நாள் நிற்காது, தக்காளித் தோல், மிளகாய்த் தோல் எல்லாம் 1000 விட்டுச் செல்லும் சின்னச் சின்னப் பல்லில்தான் நன்றாகப் பிடிக்கும். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் பத்து அசா (மலாயில் தீட்டுக்கல்) என்று கேட்டால் எடுத்துத் தருகிற சாம்பல் நிறக் கல் பெரும்பாலும் மிகவும் சொரசொரப்பு, பாராங் என்கிற பெரிய வெட்டரிவாளுக்கும் புல்வெட்டுக்கும் அருமை, சமையல் கத்திக்கு மெது பக்கம்கூடக் கொஞ்சம் கரடு.

வைரத் தகடு வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வாங்கலாம். இரும்புத் தகட்டில் வைரத் துகள் ஒட்டியது, ஊறவைக்க வேண்டாம், குழியாகாது, எவ்வளவு கடினமான கத்தியானாலும் தீட்டும். மலிவானதில் முதலில் சில பெரிய துகள்கள் துருத்திக்கொண்டு ஆழமாகக் கீறும், பழைய கத்தி ஒன்றைக் கொஞ்ச நேரம் உரசிப் பழக்கிவிட்டால் அடங்கிவிடும். அழுத்தித் தேய்த்தால் துகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அதனால் கை மெதுவாக இருக்க வேண்டும். தண்ணீர்க் கல்லில் கத்தி உட்காருகிற உணர்வு கைக்கு நன்றாகத் தெரியும், கற்றுக்கொள்ள அது நல்லது. வைரத்தில் வேலை சீக்கிரம் முடியும். இரண்டில் எது கிடைத்தாலும் குறையில்லை.

தீட்டுவதில் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டே: கோணம், பிசிறு.

கோணத்துக்குக் கருவி எதுவும் வேண்டாம். கத்தியின் அகலத்தில், அதாவது வாயிலிருந்து முதுகு வரை உள்ள அளவில், மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்கினால் அது ஏறக்குறைய 20 பாகை. நான்கில் ஒரு பங்கு தூக்கினால் 15. 45 மில்லிமீட்டர் அகலமுள்ள கத்திக்கு 20 பாகை என்றால் 15 மில்லிமீட்டர், பலருக்குச் சுண்டுவிரல் தடிமன் அவ்வளவுதான் இருக்கும். முதல் நாள் கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் ஒரு தாளின் மூலையை இரண்டு முறை பாதியாக மடியுங்கள், 90 பாகை 45 ஆகி 22.5 ஆகும், அதைக் கல்லின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு அதைவிட ஒரு நூல் குறைத்துப் பிடித்தால் போதும். 20 தானா 18 தானா என்று கவலைப்பட வேண்டாம், எடுத்த கோணம் கடைசி வரை ஆடாமல் இருப்பதுதான் காரியம். ஆடுகிறதா என்று தெரிய, கத்தியின் வாயோரம் இரண்டு பக்கமும் மார்க்கர் பேனாவால் கருப்பு பூசிக்கொள்ளுங்கள். நாலு முறை தேய்த்துவிட்டுப் பாருங்கள். மை விளிம்பு வரை போயிருந்தால் சரி. மேலே மட்டும் போய் விளிம்பில் கருப்பு நின்றால் முதுகை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும். விளிம்பில் மட்டும் போயிருந்தால் அதிகம் தூக்கிவிட்டீர்கள். இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

தண்ணீர்க் கல்லை ஊறவைக்க வேண்டும், காற்றுக் குமிழி நிற்கும் வரை, பத்துப் பதினைந்து நிமிடம். சில கடினமான கற்களுக்கு மேலே தண்ணீர் தெளித்தாலே போதும், பெட்டியில் போட்டிருப்பார்கள். சமையல் எண்ணெய் எதையும் விடாதீர்கள், கல்லின் துளைகளில் பிசுக்காகி அடைத்துக்கொள்ளும். அடியில் ஈரத்துணி விரித்து கல் நகராமல் வையுங்கள்.

கத்தியின் கைப்பிடியை வலது கையில் பிடித்து, இடது கையின் இரண்டு மூன்று விரலை வாய்க்குப் பக்கத்தில், தகட்டின் மேல் வையுங்கள். அந்த விரல் இருக்கும் இடம்தான் தீட்டப்படும் இடம், அதனால் கைப்பிடி ஓரத்தில் தொடங்கி நுனி வரை விரலை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். முன்னும் பின்னும் நிதானமாக, கல்லின் முழு நீளத்துக்கும். எவ்வளவு அழுத்துவது என்று தெரியாவிட்டால் சமையலறைத் தராசின் மேல் கல்லை வைத்து அழுத்திப் பாருங்கள், தொடக்கத்தில் ஒரு கிலோ காட்டினால் போதும், கடைசியில் கத்தியின் எடையோடு சும்மா வழுக்குகிற அளவு. நுனியில் கத்தி வளைகிறது, அங்கே கைப்பிடியைக் கொஞ்சம் உயர்த்தினால்தான் கோணம் மாறாமல் இருக்கும். கல்லில் கருப்பாகச் சேறு வரும், அதைக் கழுவித் தள்ளாதீர்கள், அதுவும் தீட்டுகிறது.

இப்போது பிசிறு. ஒரு பக்கமே தேய்த்துக்கொண்டிருந்தால் இரும்பு மெலிந்து மெலிந்து விளிம்பைத் தாண்டி மறு பக்கம் மெல்லிய நார் மாதிரி மடியும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விரலுக்குத் தெரியும். கட்டைவிரலை மறு பக்கத்தில் முதுகிலிருந்து வாய்ப் பக்கமாக, விளிம்புக்குக் குறுக்கே வெளியே இழுங்கள். விளிம்பின் நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்டாதீர்கள், அறுத்துவிடும். நகம் மாட்டுகிற மாதிரி ஒரு சொரசொரப்பு தட்டினால் அதுதான் பிசிறு. கைப்பிடி முதல் நுனி வரை இடைவெளி இல்லாமல் அது வரும் வரை பக்கம் மாற்றக் கூடாது. கல்லில் தீட்டியும் கூர் வரவில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே கத்தியைத் திருப்பிவிடுகிறார்கள். இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை, மொட்டைக் கத்திக்கு நூறு வேண்டும், நல்ல கத்திக்கு ஆறே போதும். எப்போது நிறுத்துவது என்று விரல்தான் சொல்லும்.

பிசிறு வந்த பிறகு திருப்பி, மறு பக்கமும் அதே மாதிரி வரும் வரை தேய்க்க வேண்டும். 400இல் இரண்டு பக்கமும் முடிந்தால் 1000 பக்கத்துக்குப் போய் அதையே மெதுவான கையோடு செய்யுங்கள், இங்கே சீக்கிரம் வரும். அப்புறம் பிசிறை எடுப்பது. அதை விட்டுவிட்டால் அன்றைக்குக் கத்தி பிரமாதமாக வெட்டும், மறுநாள் அந்த நார் மடிந்து மறுபடி மொட்டை. பக்கத்துக்கு ஒரு இழுப்பு, அடுத்து மறு பக்கம் ஒன்று, மாற்றி மாற்றி, ஒவ்வொன்றும் முந்தையதைவிட லேசாக. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்திலோ, கல்லின் மேல் விரித்த செய்தித்தாளிலோ முதுகு முன்னே போகும்படி சில முறை இழுத்துவிட்டால் மிச்சம் இருப்பதும் போய்விடும். பெல்ட்டில் வாயை முன்னே தள்ளினால் தோல் அறுந்துபோகும், கவனம்.

சோதிக்க மலேசிய நண்பன் பத்திரிகையின் பழைய தாள் ஒன்றைத் தொங்கவிட்டுக் கைப்பிடியிலிருந்து நுனி வரை இழுத்து வெட்டுங்கள். எங்கே சிக்கிக் கிழிகிறதோ அங்கே பிசிறு மிச்சம் இருக்கிறது அல்லது விளிம்பு இன்னும் சேரவில்லை, அந்த இடத்தை மட்டும் திரும்பப் பாருங்கள்.

உங்கள் மூன்று கத்திக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியது கொஞ்சம் உண்டு. கிவி தாய்லாந்துக் கத்தி, தகடு மெலிசு, இரும்பு மெது, சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் தீட்டவும் வரும். 15க்கும் 20க்கும் நடுவில் பிடியுங்கள், 1000 பக்கமே போதும், இப்போது மொட்டையாக இருப்பதால் முதல் தடவை மட்டும் 400. வெட்டுக்கத்தி எலும்பில் இறங்க வேண்டியது, அதற்கு 25 பாகை, அகலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தூக்க வேண்டும், 400இல் நிறுத்திக்கொள்ளலாம். அதை முகம் பார்க்கிற மாதிரி மெருகு போட்டால் முதல் கோழித் தொடை எலும்பிலேயே போய்விடும். ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: சீனர் சமையலில் பயன்படுத்தும் அகலக் கத்திகளில் காய்கறிக்கென்றே மெல்லியது ஒன்று உண்டு, பார்க்க வெட்டுக்கத்தி மாதிரியே இருக்கும். முதுகு கனமாக இல்லாமல், கையில் லேசாக இருந்தால் அதை எலும்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், வாய் பல்லுப் பல்லாக உடையும்.

மாமியார் கத்திதான் மூன்றில் நல்லது என்பது என் எண்ணம். பழைய கார்பன் இரும்பு கல்லில் அழகாகக் கூராகும். ஆனால் நம் ஊர் ஈரக் காற்றில் ஒரே இரவில் துரு பூக்கும், புளியும் எலுமிச்சையும் பட்டால் கறுக்கும். கறுப்பது குற்றமில்லை, சிவப்புத் துருதான் ஆகாது. வெட்டி முடித்தவுடன் கழுவித் துடைத்து, சில நாள் எடுக்கப் போவதில்லை என்றால் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மெலிசாகத் தடவி வையுங்கள். தீட்டுவதற்கு முன் அதன் வாயை வெளிச்சத்தில் நீளவாக்கில் பாருங்கள், பல வருடம் சிமெண்டு வாய்க்கால் ஓரத்திலும் அம்மி விளிம்பிலும் தேய்த்த கத்தி நடுவில் குழிந்திருக்கும். கருங்கல்லிலும் மணலிலும் இருக்கும் குவார்ட்ஸ் இரும்பைவிடக் கடினம் என்பதால் அவை தீட்டத்தான் செய்கின்றன, ஆனால் கீறல் ஆழமாக விழும், தேய்வதும் சீராக இருக்காது. குழியை ஒரே நாளில் சரி பண்ணப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் இரண்டு ஓரத்தையும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துக்கொண்டு வந்தால் தானாக நேராகிவிடும்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த வீடு என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், இது அவர்களுக்குப் புதிது இல்லை. பால் மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுக்கப் பட்டையைச் சீவுகிறவர்கள், பட்டையின் உட்புறத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டுவிட்டுச் சீவ வேண்டும், கத்தி மழுங்கினால் கை அழுத்தும், அழுத்தினால் மரத்துக்குக் காயம், புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அப்புறம் அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. அதனால் சின்னக் கல்லைக் கையோடு வைத்துத் தீட்டிக்கொண்டே இருந்தார்கள். என் அப்பா பிசிறைக் கட்டைவிரலால் பார்த்த விதத்தைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். செம்பனைக் குலை வெட்டுகிறவர்களும் அரிவாளை அரத்தாலும் கல்லாலும் அன்றாடம் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கை நம் வீட்டுச் சமையலறைக்கும் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. பெண்கள் மொட்டைக் கத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டு பூசணி வெட்டுவதைப் பார்க்கப் பொறுக்காது, அழுத்தி வெட்டும்போது வழுக்கினால் விரலில் காயம்தான். வெங்காயத்துக்கும் அப்படியே. மழுங்கிய வாய் வெங்காயத்தை நசுக்குகிறது, நசுங்கினால் கண்ணைக் கரிக்கும் சாறு அதிகம் தெறிக்கும்.

தீட்டிய கூர் நிற்க வேண்டுமென்றால் கண்ணாடிப் பலகை, கிரானைட் மேடை, எவர்சில்வர் தட்டு இவற்றின் மேல் வெட்டக் கூடாது. மரம் அல்லது பிளாஸ்டிக் பலகைதான். நறுக்கியதை வாயால் வழித்துத் தள்ளாமல் முதுகால் தள்ளுங்கள். மற்ற பாத்திரத்தோடு சிங்க்கில் போட்டு உருட்டாதீர்கள். நடுநடுவே விளிம்பை நிமிர்த்த இரும்புக் கம்பி வாங்க வேண்டாம், கோப்பிக்கடையில் தருகிற தடித்த பீங்கான் கப் ஒன்று வீட்டில் இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள், அடிவளையத்தில் மெருகு பூசாமல் சொரசொரப்பாக இருக்கும். ஈரம் தொட்டு, அதே கோணத்தில், பக்கத்துக்கு நாலைந்து இழுப்பு லேசாக இழுத்தால் இரண்டு மூன்று வாரம் கல்லைத் தேட வேண்டியிருக்காது. பிற்பாடு 60 ராக்வெல் (இரும்பின் கடினத்தைச் சொல்லும் அளவு) தாண்டிய ஜப்பானியக் கத்தி வாங்கினாலும் இதே பீங்கான்தான், இரும்புக் கம்பியில் அதை உரசாதீர்கள், சில்லு விடும்.

கல்லும் தேயும். பென்சிலால் கட்டம் போட்டு, தரை ஓடு ஒன்றின் மேல் 220 அல்லது 400 உப்புத்தாளை ஈரத்தோடு விரித்துக் கட்டம் எல்லா இடத்திலும் அழியும் வரை கல்லைத் தேய்த்தால் மறுபடி மட்டமாகிவிடும். குழிந்த கல்லில் கோணம் நிற்காது. நிழலில் காயவையுங்கள், வெயிலில் வைத்தால் சில கல் வெடிக்கும்.

அரிவாள்மணை இருந்தால் அதைக் கழற்றிக் கல்லுக்குக் கொண்டுபோக முடியாது, கல்தான் அதனிடம் போக வேண்டும். கட்டையை மிதித்துப் பிடித்து, வாயை உங்களுக்கு எதிர்ப் பக்கமாகத் திருப்பி, வளைவுக்குள் போகிற அளவு சின்னக் கல்லையோ குறுகலான வைரக் கோலையோ தகட்டோடு படிந்த மாதிரி வைத்து, வாயின் இரண்டு பக்கத்திலும் கீழிருந்து மேலாக இழுங்கள். விரல் கல்லின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டியிருக்கக் கூடாது. பிசிறு பார்ப்பதும் எடுப்பதும் மற்றக் கத்திக்குச் சொன்ன மாதிரியேதான், முடிந்ததும் வாயில் ஒரு பழைய ரப்பர் குழாயைப் பிளந்து மாட்டிவிடுங்கள், பிள்ளைகள் ஓடுகிற வீடு.